ஈயத்துக்காக இடிக்கப்படவிருந்த வீடு

இங்கிலாந்துக் கிராமப்புறத்தின் பெரிய வீடுகள் பெரும்பாலும் மேட்டில்தான் நிற்கும். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், வருகிறவர் மனதில் கொஞ்சம் பயமும் மரியாதையும் ஏற வேண்டும் என்று இடம் பார்த்துக் கட்டியவை. கென்ட் கவுண்டியில் இருக்கும் ஐட்டம் மோட் இதற்கு நேர் எதிர். அது ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டே இருப்போம், வீடு எங்கே என்று தேடுவோம், ஒரு திருப்பத்தில் காலுக்குக் கீழே கூரைகள் தெரியும். அப்புறம் சுவர்கள். அப்புறம் அந்தச் சுவர்களை நாலு பக்கமும் தொட்டுக்கொண்டு நிற்கும் தண்ணீர்.

நான் முதலில் அங்கே போனது 2006இல். லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயிலில் பரோ கிரீன் வரை போய், அங்கிருந்து நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. வழியில் ஓஸ்ட் வீடுகள் தென்படும். பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்தக் கட்டிய வட்ட வடிவச் செங்கல் சூளைகள் அவை. கூம்புக் கூரையும் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் வெள்ளைத் தொப்பியுமாக நிற்கும். இப்போது அவற்றில் பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நான் தெற்கு லண்டனில் மரவேலை செய்கிறவன். பழைய வீடுகளின் ஜன்னல், மாடிப்படி, கூரைச் சட்டம் இவற்றைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. இந்த மாதிரி வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் ஓவியங்களையும் நாற்காலிகளையும் பார்ப்பார்கள். நான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். இல்லையென்றால் குனிந்து, தூண் தரையைத் தொடும் இடத்தைப் பார்ப்பேன். மரத்தால் கட்டிய வீடு சாகத் தொடங்குவது இந்த இரண்டு இடங்களில்தான். ஐட்டம் மோட்டில் அந்த இரண்டையும் பார்த்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐட்டம் என்பதை ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள் போட்டு எழுதுவார்கள். அதில் பாதி வாயில் வராது. பக்கத்துக் கிராமத்தின் பெயர் அது. மோட் என்பது அகழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஊர்க்கூட்டம் என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது.

மேனர் ஹவுஸ் என்றதும் நமக்குப் பங்களாதான் நினைவுக்கு வரும். உண்மையில் மேனர் என்பது கட்டடத்தின் பெயரே இல்லை. அது ஒரு நிர்வாகம். 1066இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு, யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடியானவர்கள் என்று மேனர் மேனராகக் கணக்கெடுத்து 1086இல் டூம்ஸ்டே என்ற பதிவேட்டை உருவாக்கினார்கள். மேனரின் பிரபுவுக்குச் சொந்தப் பண்ணை நிலம் இருக்கும். மீதி நிலத்தைக் குடியானவர்கள் உழுவார்கள். அதற்கு ஈடாக வாரத்தில் சில நாள் பிரபுவின் பண்ணையில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். வரப்புத் தகராறு, மேய்ச்சல் தகராறு, வாரிசுப் பிரச்சினை எல்லாம் மேனர் நீதிமன்றத்தில் தீரும். அந்த நீதிமன்றம் பெரும்பாலும் பிரபுவின் வீட்டுக் கூடத்தில்தான் கூடும். யாருக்கு எந்த நிலம் என்று அங்கே தோல் சுருளில் எழுதி வைப்பார்கள். குடியானவருக்கு அதன் நகல் ஒன்று கிடைக்கும். அந்த நகல்தான் அவருடைய பத்திரம். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் 'நகலுரிமை' என்றே அர்த்தம் வரும் ஒரு பெயர் இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1926இல்தான். நேற்றுதான் என்று சொல்ல வேண்டும்.

கென்டுக்கென்று தனியாக ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மூத்த மகனுக்கே முழு நிலமும் போகும். கென்டில் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் சமபங்கு. கேவல்கைண்ட் என்பது அதன் பெயர். அதுவும் 1920களின் சட்டங்களில்தான் போனது. பாகம் பிரித்துப் பிரித்து நிலம் சிறிதாவதை நம்மில் பலர் சொந்த வீட்டிலேயே பார்த்திருப்போம். கென்டில் கோட்டைக்கும் குடிசைக்கும் இடைப்பட்ட நடுத்தர வீடுகள் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அந்தப் பாகப்பிரிவினையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஐட்டம் மோட் அந்த வரிசையில் வருவது. அறைகள் எழுபதுக்கு மேல் இருந்தாலும் அரண்மனை மாதிரி இருக்காது. நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், வெளியே அகழி, அதன் மேல் பாலங்கள். அவ்வளவுதான் அதன் அமைப்பு.

மிகப் பழைய பகுதி கட்டப்பட்டது 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில். கீழே ராக்ஸ்டோன் என்ற சாம்பல் நிறக் கென்ட் கல். அந்தப் பகுதியின் மேட்டு நிலத்துக்கு அடியில் அது தாராளமாகக் கிடைக்கும். உடைத்தால் ஒழுங்காகப் பிளக்காது, அதனால் சுவரில் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது. மேலே ஓக் மரம். இங்கே நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம்: அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காய வைத்து இழைக்கவில்லை. பச்சையாகவே அறுத்து, பச்சையாகவே கூட்டினார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. பச்சை மரத்தில் துளை போட்டு, அதற்கேற்ற முளையைச் செருகி, குறுக்கே ஓக் ஆணி அடித்துவிடுவார்கள். வருடக்கணக்கில் மரம் காயும்போது சுருங்கி, இணைப்பு தானாகவே இறுகும். கூடவே கொஞ்சம் முறுக்கும், கொஞ்சம் வளையும். பழைய மரவீடுகளில் ஒரு சுவர்கூட நேராக இல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டியவருக்குக் கை வராததால் வந்த கோணல் இல்லை அது.

சட்டங்களை முதலில் தரையில் பரப்பி, பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ரோமன் எண் மாதிரி கோடு கீறி வைப்பார்கள். அப்புறம் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், இடத்தில் வைத்து, கோட்டுக்குக் கோடு பார்த்து நிறுத்துவார்கள். அந்தக் கீறலைப் பழைய வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு மனிதர், தன் வேலை தப்பிவிடக் கூடாதே என்று வைத்துவிட்டுப் போன அடையாளம். வேறு எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை.

பெரிய கூடத்தின் கூரையை ஒரு கல் வளைவும் இரண்டு மர வளைவுகளும் தாங்குகின்றன. வளைவுகள் சுவரில் இறங்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்த உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தக் கூரையின் பாரத்தையும் முதுகில் சுமப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மாதிரிக் கூடங்களில் ஆரம்பத்தில் தரைக்கு நடுவே தீ எரியும். புகை மேலே ஏறி, கூரை வழியாகத் தன் போக்கில் வெளியேறும். பிரபுவும் வேலைக்காரர்களும் விருந்தாளிகளும் அதே கூடத்தில் சாப்பிடுவார்கள். பிறகு மெல்ல மெல்லப் பிரபுவின் குடும்பம் மாடி அறைக்குத் தனியாக ஒதுங்கியது. கூடத்தில் தீ மூட்டும் இடம் நடுவிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. இங்கிலாந்து வீடுகளின் வரலாற்றில் பாதி, ஆட்கள் ஒருவரையொருவர் விட்டு விலகித் தனித்தனி அறைக்குப் போன கதைதான்.

அகழியைப் பார்த்ததும் போர், முற்றுகை என்று கற்பனை ஓடும். இந்தப் பள்ளத்தில் அப்படி ஒரு பாதுகாப்புக்கு வழியே இல்லை. சுற்றியிருக்கும் சரிவில் நின்று கல் எறிந்தாலே வீட்டில் விழும். அகழி அந்தக் காலத்தில் கௌரவம். மேட்டிலிருந்து ஊறி வரும் ஓடை அதை நிரப்புகிறது. மீன் வளர்க்கலாம், தீப்பிடித்தால் தண்ணீர் எடுக்கலாம். இப்படிப்பட்ட வீடுகளில் கழிப்பறையும் சுவரிலிருந்து நேராக அகழிக்குள்தான் திறக்கும். இன்று அதில் வானமும் ஜன்னலும் அழகாகத் தெரிகின்றன. அன்று கோடையில் அந்தப் பக்கம் போகவே மூக்கைப் பிடித்திருப்பார்கள்.

கூடம் எழும்பிச் சில காலத்துக்குள், 1348-49இல், கொள்ளைநோய் வந்தது. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதி ஜனம் போனது. உழைக்க ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் கூலி அதிகம் கேட்டார்கள். பழைய கூலிக்கு மேல் தரக் கூடாது, வாங்கக் கூடாது என்று 1351இல் சட்டம் போட்டார்கள். ஐட்டம் மோட்டின் உரிமையாளராகப் பதிவுகளில் தெரியும் முதல் சில பேரில் ஒருவரான சர் தாமஸ் கான் இந்தக் காலத்தவர். 1374இல் இறந்தார். கிராமத்துத் தேவாலயத்தில் கவச உடையோடு அவருடைய கற்சிலை படுத்திருக்கிறது. அவர் போய் 7 வருடத்தில் கென்டும் எசெக்ஸும் கிளர்ந்தெழுந்தன. 1381இல் வாட் டைலர் தலைமையில் லண்டனுக்கு நடந்த குடியானவர்களுக்கு ஜான் பால் என்ற பாதிரியார் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இன்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும்: ஆதாம் மண்ணைக் கொத்த, ஏவாள் நூல் நூற்க, அப்போது பெரிய மனிதர் என்று இருந்தவர் யார்?

இந்த ஆதாம் ஏவாளை மறந்துவிடாதீர்கள். இதே தேவாலயத்தில் மறுபடி வருவார்கள்.

அடுத்து வந்தவர்கள் ஹாட் குடும்பம். அவர்களில் ரிச்சர்ட் ஹாட், மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கு எதிரான 1483 கலகத்தில் சேர்ந்து எல்லாவற்றையும் இழந்தார். 1485இல் அந்த மன்னர் போர்க்களத்தில் செத்ததும் சொத்து குடும்பத்துக்குத் திரும்பியது. இந்த மாதிரிக் காலங்களில் பல வீடுகள் எரிந்திருக்கின்றன. இது வெறுமனே கைமாறித் திரும்பி வந்தது.

1521இல் ரிச்சர்ட் கிளெமென்ட் 400 பவுண்டுக்கு இதை வாங்கினார். அரசவையில் சிறிய பதவியில் இருந்தவர். அரச விசுவாசத்தை வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஜன்னல் கண்ணாடி, கூரை விளிம்புப் பலகை என்று கிடைத்த இடத்திலெல்லாம், அப்போது ஆண்ட டியூடர் வம்சத்தின் சின்னமான டியூடர் ரோஜாவைப் போட்டார். எல்லாவற்றுக்கும் மேல் தேவாலய அறையின் கூரை. பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைந்த பலகைக் கூரை அது. பலகைகள் முழுக்க ஓவியம். டியூடர் ரோஜா, பிரான்ஸின் அல்லி, காஸ்டீலின் கோட்டை, அரகானின் அம்புக்கட்டு, கிரானடாவின் மாதுளம்பழம். கடைசி மூன்றும் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி, ஸ்பெயினிலிருந்து வந்த கேதரினின் சின்னங்கள்.

1533இல் ஹென்றி அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கினார். நாடு முழுக்கக் கேதரினின் சின்னத்தைச் சுரண்டி எடுத்து, புது ராணி ஆன் பொலினுடைய சின்னத்தைப் பதித்தார்கள். ஐட்டம் மோட்டில் மாதுளம்பழம் அப்படியே இருக்கிறது. கிளெமென்ட் துணிச்சலால் விட்டுவைத்தாரா, மறுபடி வர்ணம் பூசக் காசு பார்த்தாரா என்று யோசித்தபடி அந்த அறையில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சிவப்பு மங்கித் துருவின் நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சை மங்கிவிட்டது. ஆனால் எந்தப் பழம், எந்தப் பூ என்று தெரிகிறது. ஒதுக்கப்பட்ட ஒரு ராணி, அந்தப் பலகைகளில் மட்டும் ராணியாகவே இருக்கிறார்.

1591இல் வீடு செல்பி குடும்பத்துக்கு வந்தது. ஏறக்குறைய 300 வருடம் அவர்களிடமே இருந்தது. அந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தவர் டொரதி செல்பி. 1641இல் இறந்தார். தையல் பூவேலையில் பெயர் பெற்றவர். கிராமத்துத் தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னத்தில் மார்பளவுச் சிலையும், அதன் பின்னால் அவருடைய பூவேலைகளின் உருவங்களைக் கீறிய கருங்கற்பலகையும் இருக்கின்றன. ஒரு பக்கம் ஆதாமும் ஏவாளும். இன்னொரு பக்கம் 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதி: நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்ட அந்தச் சதி. 'சதியை வெளிப்படுத்திய கலை' என்ற பொருளில் கல்வெட்டில் ஒரு வரி வரும். ஊசியால் காட்டினார் என்பதைப் பிற்காலத்தவர்கள் நிஜமாகவே துப்புக் கொடுத்தார் என்று படித்துக்கொண்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் எழுதியதே இவர்தான் என்று கதை கிளம்பியது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் கல்லறையில் அவருடைய கணவரின் பதவிகளைப் பற்றி எழுதாமல் அவருடைய கைவேலையைச் செதுக்கி வைத்தார்களே, அதுவே எனக்குப் போதும். சர் தாமஸ் கான் அருகிலேயே கவசத்தோடு படுத்திருக்கிறார். ஜான் பால் கேட்ட கேள்வியின் ஆதாமும் ஏவாளும் ஒரு சீமாட்டியின் ஊசியில் வந்து, இருவருக்கும் மேலாக நிற்கிறார்கள்.

செல்பிகளின் நீண்ட காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் வீட்டைக் காப்பாற்றியது என்பது என் துணிபு. 18ஆம் நூற்றாண்டில் பணம் படைத்த குடும்பங்கள் பழைய மர வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, இத்தாலிய பாணியில் தூண் வைத்த வெள்ளை மாளிகைகளை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஓர் அறைக்குச் சீனத்திலிருந்து வந்த, கையால் பறவையும் பூவும் தீட்டிய சுவர்த்தாளை ஒட்டினார்கள். ஜன்னல் மாற்றினார்கள். அத்தோடு சரி. 1880களின் கடைசியில் வீட்டை வாடகைக்கு எடுத்தவர் ஓர் அமெரிக்கர்: கொலராடோவில் ரயில் பாதை போட்டு ஊரையே நிறுவிய ஜெனரல் வில்லியம் பால்மர். மனைவியின் இதயத்துக்கு மலை உயரம் ஆகாது என்பதால் அந்தக் குடும்பம் இங்கிலாந்து வந்திருந்தது. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அவர்களோடு தங்கி, மகள் எல்சியை வரைந்தார். வெளிர் உடையில் கை கோத்து நேரே பார்க்கும் பெண். அவளுக்குப் பின்னால், துணி மடிப்பு போலச் செதுக்கிய ஓக் பலகை. அந்தப் பலகை இன்றும் அதே தேவாலய அறையில், கிளெமென்டின் மாதுளம்பழத்துக்குக் கீழே இருக்கிறது. அந்த மடிப்பை இழைத்த உளியின் கூர்மையை நினைத்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

1889இல் தாமஸ் கோலியர்-ஃபெர்கசன் வாங்கினார். உடனே பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரம் ஒரு மதியம் ஊராருக்கு வீட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான். முற்றத்தில் ஒரு பெரிய நாய்க்கூண்டு இருக்கிறது. டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டியது. வீட்டைப் போலவே அதற்கும் நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதி உண்டு. குழந்தைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

தாமஸின் மகன் ரிவர்ஸ்டேல், முதல் உலகப் போரில், 1917 ஜூலை 31 அன்று, பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்ர் சண்டையின் முதல் நாளில் இறந்தான். வயது 21. வீரத்துக்குப் பிரிட்டன் தரும் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அவன் இறந்த பிறகு வந்தது. அவனுக்காக வைத்த மரச்சிலுவை தேவாலய அறையில் இருக்கிறது. அரச சின்னங்கள் நிறைந்த கூரைக்குக் கீழே, எந்த அலங்காரமும் இல்லாத சிலுவை.

1951இல் தாமஸ் காலமானார். அப்போது இங்கிலாந்தில் பெரிய வீடுகளுக்குக் கெட்ட நேரம். இரண்டாம் உலகப் போருக்கு முன் வேலை செய்தவர்கள் திரும்பி வரவில்லை. கூரைக்கும் கணப்புக்கும் ஆகும் செலவு மலை மாதிரி. இறப்பு வரி, மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதம் வரை போனது. நூற்றுக்கணக்கில் வீடுகளை இடித்தார்கள். கதவு, கணப்பு, மாடிப்படி, தரைப்பலகை என்று பிரித்து ஏலம் விட்டார்கள். மீதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1974இல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், இப்படிப் போன வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சியே வைத்தது.

ஐட்டம் மோட்டும் அந்த வரிசையில் நின்றது. பேரனால் பராமரிக்க முடியவில்லை. 1951 அக்டோபரில் மூன்று நாள் ஏலத்தில் பொருள்கள் போயின. வீட்டை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது வந்த யோசனைகளில் ஒன்று, இடித்துவிட்டுக் கூரையில் இருக்கும் ஈயத்தை எடுத்து விற்கலாம் என்பது. அறுநூறு வருட ஓக்குக்கு விலை இல்லை; ஈயத்துக்குக் கிலோ கணக்கில் விலை உண்டு. என் தொழிலில் இதைக் கேட்கவே வயிறு எரிகிறது. இன்றும் லண்டனில் நல்ல தேக்குக் கதவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கதவு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது அந்த வட்டாரத்து ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து 5,500 பவுண்டு போட்டு வீட்டை வாங்கினார்கள். குடியிருக்க வாங்கவில்லை. யாராவது நல்லவர் கையில் சேரும் வரை இடியாமல் நிற்கட்டும் என்று வாங்கினார்கள். இந்த வீட்டின் வரலாற்றில் பிரபுக்களும் அரசவைக்காரர்களும் எத்தனையோ பேர் வருகிறார்கள். என் மதிப்பில் இந்த மூன்று பேரும்தான் முதலில் நிற்கிறார்கள்.

1953இல் நல்லவர் வந்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹென்றி ராபின்சன். அவரைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, குவீன் மேரி கப்பலில் ஊர் திரும்பும்போது மனம் மாறி, வேண்டாம் என்று கடிதம் எழுதினாராம். கப்பலில் தபால்தலை கிடைக்கவில்லை. சரி, இதுதான் விதி என்று கடிதத்தை அனுப்பாமலே விட்டுவிட்டாராம். வரிச் சட்டம் காரணமாக வருடத்தில் 14 வாரம்தான் அவரால் அங்கே தங்க முடிந்தது. அந்த 14 வாரத்துக்காகக் கூரையைச் சரிசெய்தார், 17ஆம் நூற்றாண்டு மேசை நாற்காலிகளைத் தேடி வாங்கி வெறும் அறைகளை நிரப்பினார். 1965இல் வீட்டை, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குத் தருவதாக அறிவித்தார். 1985இல் இறந்தார். அவருடைய அஸ்தியை வீட்டின் சுவரிலேயே, நிலவறைக்கு வெளிப்புறமாக வைத்து மூடியிருக்கிறார்கள். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர், பல குடும்பங்களின் கைமாறி வந்த ஒரு வீட்டின் கல்லோடு கல்லாகச் சேர்ந்துவிட்டார்.

நேஷனல் டிரஸ்ட் கையில் வந்தபோது வீடு வெளியே அழகாகவும் உள்ளே உளுத்தும் இருந்தது. முக்கியமான எதிரி ஒரு வண்டு. மரணக் காவல் வண்டு என்று பெயர். ஈரம் ஏறிய பழைய ஓக்குக்குள் முட்டையிடும். புழு வருடக்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். வசந்த காலத்தில் முழு வண்டாக வெளியே வந்து, துணை தேடித் தலையால் மரத்தைத் தட்டும். டக் டக் டக் என்று வேகமாக ஏழெட்டுத் தட்டு. சாகக் கிடப்பவர் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அந்த அமைதியில் இது கேட்டதால் அப்படி ஒரு பெயர். பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கும் நமக்கு இது புரியாமல் இருக்காது. ஒரு வித்தியாசம்: பல்லியால் வீட்டுக்கு ஆபத்தில்லை. இந்த வண்டு தட்டினால், அந்த உத்திரத்தின் ஆயுள் உண்மையாகவே எண்ணப்படுகிறது.

1989இல் வேலை தொடங்கி 2004இல் முடிந்தது. செலவு 1 கோடி பவுண்டுக்கு மேல். வீட்டின் பெரும்பகுதியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பதிந்துகொண்டு, மறுபடி அதே இடத்தில் சேர்த்தார்கள். பூச்சுக்குப் பின்னால் மூடிக் கிடந்த பழைய வேலைப்பாடுகள் பல அப்போதுதான் வெளியே வந்தன. 15 வருடம் என்பது ஒரு தச்சரின் உழைக்கும் வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு. இளைஞனாக உள்ளே போன ஒருவன் நடுத்தர வயதுக்காரனாக வெளியே வந்திருப்பான்.

இந்த மாதிரி வேலையில் ஒரு விதி உண்டு. உளுத்த உத்திரத்தை முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பது சுலபம். வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு மிச்சமோ அவ்வளவையும் வைத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் அறுத்து, புது ஓக்கை ஒட்டுப் போடுவதுதான் கஷ்டம். இரண்டு மரமும் ஒன்றின் பாரத்தை இன்னொன்று ஏற்கும்படி சாய்வாக வெட்டிப் பொருத்த வேண்டும். சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. அது ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து மரத்தை அழுக விடும். சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். அது மூச்சு விடும். புதிய ஒட்டைப் பழையது போலச் சாயம் பூசி மறைப்பதும் கூடாது. எது எப்போது செய்த வேலை என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

2006இல் முற்றத்தில் நான் நின்றபோது அந்த ஒட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. கறுத்து வெள்ளி ஓடிய பழைய சட்டத்தின் காலில், தேன் நிறத்தில் புது ஓக். நான் ஒன்றின் பக்கத்தில் குனிந்து நெடுநேரம் பார்ப்பதைக் கண்ட ஒரு வயதான பெண்மணி, அங்கே தொண்டு செய்கிறவர், பக்கத்தில் வந்தார். "நீங்கள் தச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மற்றவர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை" என்றார். பல பேர் புது மரம் அசிங்கமாக இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியது. அந்தச் சட்டத்தை அவரே செய்தது போல.

போன வசந்தத்தில் மறுபடி போனேன். ஊதா மணிப்பூக்கள் காட்டுத் தரை முழுக்கப் பூத்திருந்தன. அகழியில் வாத்துக் குஞ்சுகள். முற்றத்துக்குள் நுழைந்ததும் நேராக அந்தச் சட்டத்திடம்தான் போனேன். ஒட்டு கண்ணில் படவில்லை. வேறு தூணோ என்று நினைத்து அடுத்த தூணைப் பார்த்தேன். அதிலும் இல்லை. திரும்பி வந்து, உட்கார்ந்து, விரல் நகத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனேன். முழங்கால் உயரத்தில் ஓரிடத்தில் நகம் தட்டியது. முடி அளவு கோடு, சாய்வாக மேலே ஏறியது. கோட்டுக்கு மேலே நூற்றாண்டுகள் பார்த்த மரம், கீழே என் காலத்தில் ஒருவர் செய்த வேலை. மேகம் விலகி வெயில் வந்தது. இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.